பெண்களுக்கென்று ஒரு கட்டம்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது நெருப்பு என்பார்கள் சிலர். சக்கரம் என்பார்கள் சிலர். இரண்டும் பிழை. தலையாயது 'இயல்பு'. நெருப்பு சுடும், சக்கரம் உருளும், அவ்வளவுதான். இயல்பு இருந்த இடத்தை விட்டு நகராமலே உலகத்தை அளந்துவிடும். அத்தகைய இயல்பு எங்கள் ஊரில் உடல்தகுதி வாரியத்தின் ஐந்தாம் மாடியில், கண்காணிப்பாளரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், பல்பசை விளம்பரம் ஒன்றுக்கும் அவருடைய மச்சினன் போட்டோவுக்கும் நடுவே ஓர் அட்டவணையாக வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடிக்குள்ளும் எப்படியோ டீ புகுந்து, அதன் ஒரு மூலை பழுப்பேறியிருந்தது.

அந்த அட்டவணைக்கு முன்னால்தான் பம்ப் அக்கா நின்றாள்.

நீரேற்று நிலையத்தில் பம்ப் ஓட்டுகிறவள் என்பதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. வேலை தற்காலிகம். அந்தத் தற்காலிகத்தில் இரண்டு மோட்டார்கள் துருப்பிடித்து ஏலத்துக்குப் போய்விட்டன; மூன்று பொறியாளர்கள் பணி ஓய்வு பெற்றுவிட்டார்கள். அக்கா மட்டும் தற்காலிகமாகவே இருந்தாள். இப்போதுதான், நாற்பத்தாறு வயதில், நிரந்தர ஆணை வந்திருந்தது. உடல்தகுதிச் சான்றிதழை வருட முடிவுக்குள் கொண்டுவந்து கொடுத்தால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு.

நிரந்தர வேலையில் அவளை மயக்கியது ஒன்றே ஒன்று: உடம்பு சரியில்லை என்றால் லீவு போட்டுவிட்டு வீட்டில் படுக்கலாம். தற்காலிகக்காரர்கள் ஒருநாள் வராவிட்டால் மறுநாள் அங்கே வேறொரு தற்காலிகம் உட்கார்ந்திருக்கும். போன மழைக்காலத்தில் அவள் காய்ச்சலோடு போய் வால்வைத் திறந்துவிட்டு, அதன்மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். மேட்டுத் தெருவில் பீரோக்கள் மிதந்தன.

"நியூட்ரோஃபில் எழுபத்திரண்டு" என்றார் கண்காணிப்பாளர், துக்கம் விசாரிக்கும் குரலில்.

"அப்படின்னா என்ன சார்?"

"எழுபதுக்கு மேல போகக்கூடாதுன்னு அர்த்தம்."

ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணுக்களில் நூறைப் பிடித்து வைத்துக்கொண்டு, யார் யார் எந்த வகை என்று எண்ணுவது வாரியத்தின் பரிசோதனை. மொத்தம் ஐந்து வகை. கிருமி வந்தால் முதலில் ஓடிப்போய் அடிதடியில் இறங்குவது நியூட்ரோஃபில். நூற்றில் நாற்பதிலிருந்து எழுபது வரை இருக்கலாம். எதிரியின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது லிம்போசைட், இருபதிலிருந்து நாற்பது. சண்டை முடிந்த பிறகு வந்து குப்பை அள்ளுவது மோனோசைட். ஒவ்வாமைக்கும் பூச்சிக்கும் பொங்கி எழுவது ஈசினோஃபில். பேசோஃபில் பெரும்பாலும் ஆஜராகாது. ஆனாலும் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு, எல்லா அலுவலகங்களிலும் உள்ளதுபோல. அக்காவுக்கு மற்ற நான்கும் சரியாக இருந்தன. இந்த அடிதடி ஆசாமிகள்தாம் இரண்டு பேர் கூடிவிட்டார்கள்.

"ரெண்டுதானே சார் கூட?"

"ரெண்டுதானேன்னு சுலபமா சொல்றீங்க. இன்னைக்கு உங்க ரெண்டை விட்டா நாளைக்கு ஒருத்தர் மூணோட வந்து நிப்பார். அப்புறம் இந்த நாற்காலியில நான் எதுக்கு? தலைவரைப் பாருங்க."

வாரியத் தலைவர் பெரிய டாக்டர். நோயாளிகளைப் பார்ப்பதை விட்டுப் பல வருடமாகிவிட்டதால் மிகவும் பெரிய டாக்டர். அறையில் அவர் படம் நான்கு இடங்களில் மாட்டியிருந்தது. ஐந்தாவதாக அவரே உட்கார்ந்திருந்தார்.

"பயப்படாதீங்கம்மா" என்றார். "இது ஒரு விஷயமே இல்ல. படபடப்பு இருந்தா ஏறும். மாடிப்படி வேகமா ஏறி வந்தா ஏறும். கர்ப்பமா இருந்தா ஏறும். நீங்க எப்படி வந்தீங்க?"

"மாடிப்படியிலதான் சார். லிஃப்ட் ஆபீசர்களுக்கு மட்டும்னு போட்டிருக்கு."

"பார்த்தீங்களா! அதான் காரணம்!" தலைவருக்கு முகம் மலர்ந்தது. தன் கட்டடத்தின் படிக்கட்டு ரத்தம் வரைக்கும் எட்டிப் பார்க்கிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

"அப்போ கீழயே வச்சு ரத்தம் எடுத்துருங்களேன் சார்."

"கீழ எடுத்தா அது கீழ்மாடி ரத்தம். விதிப்படி ஐந்தாம் மாடியிலதான் எடுக்கணும்."

"கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு குடுக்கவா?"

"தாராளமா உட்காருங்க. நாற்காலி மட்டும் ஊழியர்களுக்கு." பிறகு குரலைத் தணித்து அறிவியல் பேசினார். "அம்மா, இந்த நாற்பது, எழுபதெல்லாம் எப்படி வந்தது தெரியுமா? நல்ல ஆரோக்கியமா இருக்கிற நூறு பேரை எடுத்துக்கிட்டா, தொண்ணூத்தஞ்சு பேர் இந்த வரம்புக்குள்ள வருவாங்க. மீதி அஞ்சு பேர் வெளிய நிப்பாங்க."

"அந்த அஞ்சு பேருக்கு என்ன நோய் சார்?"

"ஒரு நோயும் கிடையாது. அவங்களும் ஆரோக்கியமானவங்கதான். அதான் சொன்னேனே."

"அப்ப நானும் அந்த அஞ்சு பேர்ல ஒருத்தியா இருக்கலாம் இல்ல?"

"கண்டிப்பா இருக்கலாம்! நீங்க பூரண ஆரோக்கியம்னு என் மனசு சொல்லுது. ஆனா அரசாங்கத்துக்குத் தேவை ஆரோக்கியம் இல்லம்மா, இயல்பு." சொல்லிவிட்டு அந்த வாக்கியத்தைத் தாமே ஒருமுறை ரசித்தார். அது பின்னால் வாரியத்தின் காலண்டரில் அச்சாயிற்று.

கர்ப்பம் இல்லை என்று கணவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு மறுபடி வரச் சொன்னார்கள்.

அக்காவின் கணவர் மிக்ஸி ரிப்பேர்காரர். திறந்து போட்ட மோட்டாருக்கு மேலே தலையைத் தூக்கிக் கேட்டார்: "உன் வயித்துல என்ன இருக்குன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியும்னு சொன்னேன். அது செல்லாதாம். நீங்க சொன்னாத்தான் செல்லுமாம்."

"சரி, எழுதிர்றேன். கூடவே, மிக்ஸியும் கர்ப்பமா இல்லைன்னு ஒரு வரி சேர்த்துக்கவா? பின்னாடி யாராவது கேட்டா?"

"விளையாடாதீங்க. எனக்கு இந்த லீவு வேணும்" என்றாள். வேலை வேணும் என்று சொல்லவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதிக் கொடுத்தார்.

இரண்டாம் முறையும் ஐந்து மாடி ஏறினாள். இந்த முறை பயமும் கூடவே ஏறியது. எழுபத்து நான்கு.

"சாண் ஏறினா முழம் சறுக்கும்பாங்க. உங்களுக்கு சறுக்கவே மாட்டேங்குதே" என்றார் கண்காணிப்பாளர்.

அப்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்து, அவளுக்கு வேலை மட்டும் போயிருக்கும். கண்ணாடிக்கு அடியிலிருந்த அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தவள், விரலை வைத்து, "சார், ஆண்கள்னு போட்ட கட்டத்துல நாற்பது, எழுபதுன்னு இருக்கு. பக்கத்துல பெண்கள்னு போட்டு ஒண்ணுமே இல்லையே?" என்றாள்.

கண்காணிப்பாளர் குனிந்து பார்த்தார். தினமும் அதன்மேல்தான் அவர் டீ டம்ளரை வைத்திருந்தார். கட்டம் காலியாக இருந்தது.

அதன் வரலாறு இது. முன்பு ஒரே கட்டம்தான். ஆண், பெண் இருவருக்கும் அதே எண். சில வருடங்களுக்கு முன் மகளிர் முன்னேற்றத்துக்கு வாரியம் ஏதாவது செய்தாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். வாரியம் பெண்களுக்கெனத் தனிக் கட்டம் ஒதுக்கியது. அதற்குத் திறப்பு விழா நடந்தது, ரிப்பன் வெட்டப்பட்டது, பெண் இனத்துக்கு விடிவு பிறந்ததாக மூன்று பேர் பேசினார்கள். கட்டத்துக்குள் ஏதாவது எழுத வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வாரமே 'பெண்களின் இயல்பு நிர்ணயக் குழு' அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் ஒன்பது பேர். எல்லாரும் ஆண்கள், விருப்பு வெறுப்பின்றி நடந்துகொள்வார்கள் என்பதற்காக. அக்காவின் கோப்பு அதுவரை நிறுத்திவைக்கப்பட்டது.

குழுவில் இளையவரான டாக்டர் ஒருவர் எழுந்து, "சார், புத்தகத்துல ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே எண்தான் இருக்கு. கர்ப்பகாலத்துல கூடும். மத்தபடி பெரிய வித்தியாசம் இல்ல. அதே நாற்பது, எழுபதை எழுதிட்டா—" என்றார்.

"தம்பி" என்றார் தலைவர். "பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே எண்ணா? பெண்மையை இப்படி அவமதிக்கலாமா? உங்க வீட்ல அம்மா இருக்காங்களா?" இளைய டாக்டர் உட்கார்ந்தார். பிறகு அவர் எழவே இல்லை. அவருடைய பதவி உயர்வு வருடக் கடைசியில் வரவிருந்தது.

ஆரோக்கியமான பெண்களின் ரத்தத்தை எடுத்து அளப்பது என்று தீர்மானமாயிற்று. ஆரோக்கியமான பெண் யார்? வாரியம் சான்றிதழ் கொடுத்தவர். வரம்பு இல்லாமல் வாரியம் சான்றிதழ் கொடுக்க முடியுமா? முடியாது. சான்றிதழ் இல்லாமல் ஆரோக்கியமான பெண் கிடைப்பாளா? கிடைக்கமாட்டாள். குழு இதே இடத்தில் செக்குமாடாய்ச் சுற்றி, பல அமர்வுகள் பிஸ்கட் தின்றது. கடைசியில் தலைவர் ஒரு தியாகத்துக்கு முன்வந்தார்.

"என் மனைவி இருக்கா. அவ ஆரோக்கியத்துக்கு நான் பொறுப்பு. கல்யாணம் ஆன நாள்லேருந்து உடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னதில்ல. சொல்ல ஆரம்பிச்சாலும் நான் விட்டதில்ல."

எட்டுப் பேரும் கைதட்டினார்கள்.

ரத்தம் எடுப்பதை விழாவாகவே வைத்தார்கள். பார்வையாளர் வரிசையில் பெண்கள் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பம்ப் அக்காவையும் வரச் சொல்லி, 'பயனாளி' என்று சட்டையில் ஒரு துண்டு அட்டை குத்தி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஐந்தாம் மாடியில் அவளுக்கு நாற்காலி கிடைத்தது அன்று ஒருநாள்தான்.

தலைவரின் மனைவி லிஃப்டில் வந்தார். பட்டுப்புடவை, முகத்தில் முத்து முத்தாய் வியர்வை. கைப்பையை அடிவயிற்றின் வலது பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னங்கம்மா, உடம்பு சரியில்லையா?" என்றாள் அக்கா.

"நேத்துலேருந்து இங்க ஒரே வலி. வாந்தி வேற. வீட்ல சொன்னேன். வாயுவா இருக்கும், விழா முடியட்டும்கிறார்."

"பெரிய டாக்டராச்சே. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த அம்மாள் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "நீ அவர்கிட்ட வைத்தியம் பண்ணிக்கிட்டதுண்டா?"

"இல்லங்க."

"நானும் இல்ல" என்றார்.

மேடையில் தலைவர் பேசினார். "இன்று என் இல்லத்தரசியின் கையிலிருந்து வருவது வெறும் ரத்தமல்ல, பெண் குலத்தின் அளவுகோல்!" கையில் ஊசி குத்தும்போது, "போட்டோ எடுக்கறாங்க, சிரி" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். அவரும் பல்லைக் கடித்தார். படத்தில் அது சிரிப்பாகத்தான் விழுந்திருக்கிறது.

முடிவு வந்தது. நியூட்ரோஃபில் எண்பத்து நான்கு, லிம்போசைட் பன்னிரண்டு. மீதியை மற்றவை பகிர்ந்துகொண்டன.

"ஒரே எண்ணா இருக்கே சார், வரம்புன்னா ரெண்டு முனை வேணுமே" என்றார் கண்காணிப்பாளர்.

"இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு போடுங்க. பெண்கள் விஷயத்துல தாராளமா இருக்கணும்."

அப்படியாக, எண்பதிலிருந்து எண்பத்தெட்டு. காலிக் கட்டம் நிரம்பியது. நகரத்துப் பெண்கள் அனைவரும் ஒரே மாலையில் நோயாளிகளானார்கள்.

பம்ப் அக்கா ஓடிவந்தாள். கண்காணிப்பாளர் அவள் கோப்பைப் பிரித்து, எழுபத்து நான்கைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"குறைவா இருக்கே."

"போன மாசம் கூடன்னு சொன்னீங்களே சார்!"

"அப்போ நீங்க ஆண்கள் கட்டத்துல இருந்தீங்க. இப்போ உங்களுக்குன்னு சொந்தமா கட்டம் இருக்கு. நீங்க கேட்டுத்தானே வந்தது?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவள் கேட்ட பழமொழிதான். மத்தளமே போய், இன்னொரு பக்கத்திலும் அடியுங்கள் என்று கேட்டுக்கொண்டது இதுவே முதல் தடவை.

வருட முடிவு நெருங்கியது. வரிசையில் அடுத்து நின்றவர் ஒரு ஆண்; பம்ப் அறைக்கு வந்து நாற்காலியின் உயரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வாரம்தான் வால்வு மூடி ஒன்று, துருப்பிடித்த இரும்பு, கைதவறி அக்காவின் வலது கால் சுண்டுவிரல்மேல் விழுந்தது. நகம் பிளந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். விரல் வீங்கியது, பாதம் வீங்கியது, செருப்பு நுழையவில்லை. தற்காலிகத்துக்கு லீவு கிடையாது. தண்ணீரில் நின்றே வேலை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்மா" என்றார் கணவர்.

"படுக்கச் சொல்வாங்க. படுத்தா வேலை போச்சு. சான்றிதழ் வாங்கிட்டு, நிரந்தரமா ஆகிட்டு, லீவு போட்டுட்டு படுக்கறேன்."

"சாகறதுக்கும் முன்அனுமதி வாங்கிக்கோ."

கடைசித் தடவையாக ஐந்து மாடி ஏறினாள், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக. ரத்தம் எடுக்கிற பெண் அவள் கையைத் தொட்டதும் பதறினாள். "அக்கா, உடம்பு கொதிக்குது! கால் என்ன இப்படி இருக்கு? முதல்ல டாக்டர்கிட்ட போங்க."

"டாக்டர்கிட்டதான்மா வந்திருக்கேன்" என்றாள் அக்கா.

நியூட்ரோஃபில் எண்பத்து மூன்று.

கண்காணிப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். அவர் பதவிக்காலத்தில் அந்தக் கட்டத்துக்குள் வந்த முதல் பெண். தலைவர் அறையிலிருந்து தாமே வெளியே வந்து கை கொடுத்தார். "பார்த்தீங்களா! விடாமுயற்சி! உடம்பை எப்படித் தேத்தியிருக்கீங்க!" சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சான்றிதழில் 'பூரண இயல்பு' என்று இருந்தது. அன்றே அவள் நிரந்தரமானாள்.

மறுநாள் லீவு கேட்டாள். குடிநீர்த் துறையில், உடல்தகுதி வாரியம் ஒப்புக்கொண்டால்தான் மருத்துவ லீவு என்றார்கள். கணவர் வாரியத்துக்கு ஓடினார்.

"நேத்துதானே அவங்க நல்லா இருக்காங்கன்னு கையெழுத்துப் போட்டோம்?" என்றார் கண்காணிப்பாளர். "இன்னைக்கு உடம்பு சரியில்லைன்னு போட்டா, எங்க கையெழுத்துக்கு நாங்களே எதிரி ஆயிடுவோம் இல்ல?"

"சார், கால்ல சீழ் வச்சிருக்கு. சுயநினைவு இல்லாம கிடக்கா."

"இருக்கலாம். காலைப் பத்தி எங்க அட்டவணையில ஒண்ணும் இல்ல."

லீவு இல்லாமலே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். சுண்டுவிரலை எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். பேரே தெரியாத சாதாரண டாக்டர், நோயாளிகளைப் பார்ப்பவர். வராத நாட்களை 'அனுமதியின்றி வராமை' என்று குறித்து, துறை ஒரு எச்சரிக்கை அனுப்பியது.

அக்கா தேறினாள். காய்ச்சல் போயிற்று, முகத்தில் களை வந்தது, ஒரு காலைச் சற்றே சாய்த்து வைத்தாலும் பழையபடி வால்வுகளைத் திருகினாள். தகுதிகாண் பருவம் முடிகிற சமயத்தில் விதிப்படி மறுபரிசோதனை வந்தது. இந்தமுறை அவளுக்குப் பயம் இல்லை. நிதானமாக, வழியில் நின்று நின்று ஏறினாள்.

அறுபத்தொன்று.

"அடடா" என்றார் தலைவர். நிஜமாகவே வருத்தப்பட்டார். "எண்பத்து மூணுலேருந்து அறுபத்தொண்ணு! என்னம்மா இப்படி உடம்பைக் கெடுத்துக்கிட்டீங்க? அன்னைக்கு எப்படி இருந்தீங்க!"

"அன்னைக்கு விரல் அழுகிட்டிருந்தது சார்."

"அதுக்காக? இப்ப விரலும் இல்ல, இயல்பும் இல்ல. இப்படிப்பட்ட உடம்பை வச்சுக்கிட்டு ஊருக்குத் தண்ணி விடச் சொல்ல எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கல." கையெழுத்துப் போட்டார். நல்ல பேனா, ஒரே இழுப்பில் எழுதியது.

அக்கா கோப்பைப் பார்க்கவில்லை. சுவரில் ஐந்தாவதாக மாட்டியிருந்த புதிய படத்தைப் பார்த்தாள். அதில் தலைவர் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா எப்படி இருக்காங்க சார்? அன்னைக்கு வயித்து வலின்னாங்க."

தலைவர் மேஜைமேல் இருந்த காகிதத்தை நேராக்கினார். "நல்லா இருக்கா. அது வேற விஷயம். நீங்க கிளம்புங்க."

கீழே கணவர் சைக்கிளோடு நின்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சைக்கிளை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னவாம்?"

"குணமாயிட்டேனாம்" என்றாள்.

மறுநாள் அவள் நாற்காலியில் வரிசையில் அடுத்தவர் உட்கார்ந்தார். அவருடைய நியூட்ரோஃபில் அறுபத்தொன்று. ஆண்கள் கட்டத்தில் அது பூரண இயல்பு.

பெண்களின் வரம்பு இன்றும் எண்பதிலிருந்து எண்பத்தெட்டுத்தான். விழா நடந்த அன்று மாலையே தலைவரின் மனைவிக்கு வேறொரு ஆஸ்பத்திரியில், சீழ் பிடித்த குடல்வாலை வெட்டி எடுத்தார்கள். குழுவின் ஒன்பது பேரும் பழக்கூடையோடு போய் அவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் வரம்பில் கையெழுத்துப் போட்டார்கள்.